கல்லும் கணக்கும்: கே.கே. பிள்ளையின் சுசீந்திரம் ஆய்வு

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலைப் பற்றி யார் விரிவாக எழுதினாலும் அதன் அடியில் பெரும்பாலும் ஒரே புத்தகம்தான் இருக்கும். பெயரைச் சொல்லி எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. சொல்லாமல் எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. கே.கே. பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, 1953இல் அடையாறு கலாக்ஷேத்திரா வெளியிட்ட 'தி சுசீந்திரம் டெம்பிள்' என்ற நூல் அது. வெளிவந்து எழுபது ஆண்டுகள் கடந்தும் அந்தக் கோயிலின் வரலாறு என்றதும் முதலில் நீட்டப்படுவது அதுதான். இந்த இடம் தகுதியால் கிடைத்ததா, அதற்கு ஈடாக இன்னொன்று வராத குறையால் கிடைத்ததா? நாஞ்சில் நாட்டின் மற்றக் கோயில்களையும் கோட்டைகளையும் அரண்மனைகளையும் ஆராய வருகிறவர் இதை முன்மாதிரியாக வைத்துக்கொள்ளலாமா? கண்ணை மூடிக்கொண்டு புகழ்வதும் எளிது, பழசு என்று ஒதுக்குவதும் எளிது. எடை போட்டுப் பார்ப்பதுதான் நூலுக்கும் ஊருக்கும் செய்யும் மரியாதை.

பிள்ளை இந்த மண்ணைச் சேர்ந்தவர். 1905இல் நாகர்கோவிலை அடுத்த ஆளூரில் பிறந்தார். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்குத் தலைமை ஏற்றார். 'தமிழக வரலாறு: மக்களும் பண்பாடும்' என்ற நூல் வழியாகத் தமிழ் மாணவர்களுக்கும் நன்கு அறிமுகமானவர். அவருக்கு முன்பும் இந்த வட்டாரத்தில் வரலாற்று வேலை நடந்திருக்கிறது. திருவிதாங்கூர் அரசு கோபிநாத ராவின் பொறுப்பில் தொல்லியல் வெளியீட்டு வரிசை ஒன்றைத் தொடங்கியிருந்தது. பார்த்திவசேகரபுரத்துச் செப்பேடு போன்ற அடிப்படைச் சான்றுகள் அதில்தான் அச்சேறின. சுசீந்திரத்துக்குப் பக்கத்திலுள்ள தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, பாட்டுக்குக் கொடுத்த உழைப்பைக் கல்வெட்டுக்கும் கொடுத்தவர். காந்தளூர்ச் சாலையைப் பற்றிய அவருடைய ஆய்வை இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் பேசுகிறார்கள். ஆனால் இவை பெரும்பாலும் தனித்தனிச் சான்றுகளைப் பற்றியவை: ஒரு கல்வெட்டு, ஒரு செப்பேடு, ஒரு மெய்க்கீர்த்தித் தொடர். பிள்ளை ஒரே கட்டடத்தை எடுத்துக்கொண்டு, அதன் எழுத்து, சிற்பம், சடங்கு, நிலம், நிர்வாகம் அத்தனையையும் ஒரே வரலாறாகக் கோத்தார்.

ஒரு கட்டடத்தைப் பற்றிய ஆய்வை எதை வைத்து எடை போடுவது? என் அளவில் நான்கு கேள்விகள் போதும். கதையையும் சான்றையும் அது பிரித்துக் காட்டுகிறதா? கட்டடத்தின் பாகங்களைக் காலவாரியாக அடுக்குகிறதா? அந்தக் கட்டடத்தை நடத்தியவர்களையும் அதனால் நடத்தப்பட்டவர்களையும் கண்முன் நிறுத்துகிறதா? சான்றில் இடம் கிடைக்காமல் போனவர்களைப் பற்றிய கவனம் அதற்கு உண்டா?

முதல் கேள்வியில் பிள்ளையின் நூல் தலைநிமிர்ந்து நிற்கிறது. சுசீந்திரத்தைச் சுற்றிக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. இந்திரன் சாபம் நீங்கித் தூய்மை பெற்ற இடம், அத்திரியும் அனசூயையும் இருந்த வனம், மும்மூர்த்திகளும் குழந்தைகளாக ஆன தலம் என்று ஊரில் ஒவ்வொருவர் நாவிலும் புராணம் இருக்கிறது. பிள்ளை இவற்றைக் கேலி செய்யவும் இல்லை, காலக்கணக்குக்கு ஆதாரமாக ஏற்கவும் இல்லை. கதை எப்போது, எதற்காக வந்து ஒட்டியது என்று கேட்கிறார்.

கருவறைகளையே எடுத்துக்கொள்வோம். கோயிலில் புழங்குகிற எல்லோரும் வடக்கேடம், தெற்கேடம் என்றுதான் சொல்வார்கள். வடக்கேடத்தில் தாணுமாலயன், தெற்கேடத்தில் பெருமாள். தாணு சிவன், மால் திருமால், அயன் பிரமன், மூவரும் ஒரே திருமேனியில் என்பது இன்றைய நம்பிக்கை. பழைய கல்வெட்டுகளில் முன்னே நிற்பவர்களோ மகாதேவரும் எம்பெருமானும். அடுத்தடுத்து இருந்த சிவ, வைணவ வழிபாடுகளின் மேல் மும்மூர்த்தி என்ற எண்ணம் பிற்காலத்தில் படர்ந்தது என்பதே பிள்ளையின் முடிவு. ஊர் முழுவதும் மும்மூர்த்தித் தலம் என்று கொண்டாடும் ஒரு கோயிலைப் பற்றி அந்த வட்டாரத்திலேயே பிறந்த ஒருவர் இப்படி எழுதுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். பக்தியைப் புண்படுத்தும் சொல் ஒன்றுகூட இல்லாமல் எழுதுவதற்கு அதைவிட மேலான பக்குவம் வேண்டும்.

இந்தப் பிரித்தறியும் முறை இன்றும் எவ்வளவு தேவை என்பதற்கு அதே கோயிலின் அனுமாரே சாட்சி. அண்ணாந்து பார்க்க வைக்கும் அந்தப் பெரிய திருமேனிக்கு வெண்ணெய் சாத்தவும் வடைமாலை சாத்தவும் வருகிறவர்களிடம் ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. 1740இல் திப்பு சுல்தான் படையெடுப்புக்கு அஞ்சிச் சிலையை மண்ணில் புதைத்தார்களாம், 1930இல்தான் திரும்ப எடுத்தார்களாம். 1740இல் திப்பு பிறக்கவே இல்லை. அவர் திருவிதாங்கூர் மீது படையெடுத்தது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு. அந்தப் படையும் வடக்கே நெடுங்கோட்டைப் பக்கத்தோடு நின்றது, நாஞ்சில் நாட்டை எட்டவில்லை. அதற்காகக் கதையை முழுப்பொய் என்று வீசிவிடலாமா? 1740ஐ ஒட்டிச் சந்தா சாகிபின் படை நாஞ்சில் நாட்டுக்குள் புகுந்ததைத் திருவிதாங்கூர் வரலாறுகள் சொல்கின்றன. ஊர் நினைவு ஆண்டை ஓரளவு சரியாகவே பிடித்து வைத்திருந்து, பின்னாளில் பிரபலமான பெயர் ஒன்று அதன் மேல் ஏறிக்கொண்டிருக்கலாம். வாய்மொழியை இப்படிச் சலித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும். பிள்ளையின் நூல் அந்தப் பழக்கத்தைக் கற்றுத்தருகிறது. அதைப் படித்துவிட்டு திப்பு கதையை அப்படியே எழுத ஒருவருக்குக் கை வராது.

இரண்டாவது கேள்வி கால அடுக்கு. பழைய கோயிலைப் பார்த்ததும் இது எத்தனை ஆண்டுப் பழமை என்று ஒற்றை எண் கேட்கிறோம். சுசீந்திரம் அப்படி ஒற்றை எண்ணுக்குள் அடங்குகிற கட்டடம் அன்று. வளாகத்துக்குள் கைலாசநாதர் சன்னிதி ஒரு பாறையின் மேல் இருக்கிறது. கோயிலின் மிகப் பழைய எழுத்துகள் அந்தப் பாறையில்தான் உள்ளன. அந்தப் பாறையடியில் நிற்கும்போது காண்பது முதல் ஆயிரம் ஆண்டின் கடைசிப் பகுதியை. பாண்டியரும் சோழரும் இந்த நாட்டுக்காக மாறி மாறி மோதிய காலம் அது. சோழர் கை ஓங்கியபோது ஊருக்கே சுந்தரசோழச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர் ஏறியதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அங்கிருந்து வாசலுக்கு வந்தால் 134 அடி உயர ஏழுநிலைக் கோபுரம். அதன் அடித்தளம் 16ஆம் நூற்றாண்டில் விட்டலரின் தலைமையில் விஜயநகரப் படை தெற்கே வந்த காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. மேலே உள்ள நிலைகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தவை. ஊருக்கே அடையாளமாகிவிட்ட கோபுரம், கோயிலின் உறுப்புகளில் மிகவும் இளையது. இந்த வரிசையை வெறும் ஊகத்தால் இல்லாமல் கல்வெட்டையும் கோயில் ஆவணத்தையும் கொண்டு நிறுவ முயன்றதுதான் பிள்ளையின் கடின உழைப்பு.

இந்த வட்டாரத்து ஆய்வாளருக்கு ஒரு வசதியும் ஒரு பொறியும் சேர்ந்தே இருக்கின்றன. பிற்காலக் கல்வெட்டுகளும் ஓலைகளும் கொல்லம் ஆண்டைக் குறிப்பிடுவதால், அரசனின் ஆட்சியாண்டை மட்டும் வைத்துத் தடுமாற வேண்டியதில்லை. ஆனால் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. மாதம் தெரியாமல் ஆங்கில ஆண்டுக்கு மாற்றினால் 824ஐக் கூட்டுவதா 825ஐக் கூட்டுவதா என்ற சிக்கல் வரும். ஒரே மண்டபத்துக்கு இரண்டு நூல்கள் ஓராண்டு வித்தியாசத்தில் காலம் சொன்னால் பெரும்பாலும் காரணம் இதுதான். இவ்வளவு நுணுக்கமான இடத்தில் மூலச் சான்றுக்குப் போகும் வழியைக் காட்டுகிற ஆசிரியரே நம்பத்தக்கவர். பிள்ளை காட்டுகிறார். அவரை எடுத்தெழுதியவர்களில் பலர் அந்த வழியை வெட்டிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். குற்றம் அவர்களுடையது.

மூன்றாவது கேள்விதான் இந்த நூலின் உண்மையான சாதனை. கோயிலைக் கலைப்பொருளாக மட்டும் பார்த்திருந்தால் அலங்கார மண்டபத்து இசைத்தூண்களோடும் சிற்பங்களோடும் புத்தகம் முடிந்திருக்கும். பிள்ளை கோயிலை நிலக்கிழாராக, வேலை கொடுப்பவராக, நீதி சொல்லும் இடமாக, ஊரின் அதிகார மையமாகப் பார்த்தார். பிராமணர்களின் சபையிடம் இருந்த நிர்வாகம், பின்னர் யோகக்காரர்களான போற்றிமாரின் கைக்குப் போய், 1811இல் திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டும் திவானுமாக இருந்த கர்னல் மன்றோ கோயில்களையும் அவற்றின் நிலங்களையும் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொண்டபோது முடிவுக்கு வருகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பூசை முறையும் வரவு செலவும் ஊழியர் நிலையும் மாறின. கோயில் வரலாற்றைத் திருப்பணிப் பட்டியலாக மட்டும் எழுதிவந்த வழக்கத்திலிருந்து இது பெரிய விலகல்.

கைமுக்கு என்ற சத்திய சோதனை இங்கே நடந்தது. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகள் கொதிக்கும் நெய்யில் கையை விட்டுத் தங்கள் தூய்மையை நிரூபிக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அது நிறுத்தப்பட்டது. இந்திரன் தூய்மை பெற்ற கதையும் இந்தச் சோதனையும் ஒரே இடத்தில் இருப்பது தற்செயல் அன்று. கதை சடங்குக்கு அதிகாரம் கொடுத்தது. சடங்கு கதையை உயிரோடு வைத்தது. கோயிலின் மண்டபங்களை அளந்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. கோயிலில் ஆடிப் பாடிய தேவதாசிகளின் நிலை, 1930இல் திருவிதாங்கூரில் அந்த முறை ஒழிக்கப்பட்டது, மார்கழித் தேரோட்டம், கோட்டாற்றுப் பிள்ளையாரும் வேளிமலைக் குமரனும் தாய்தந்தையரைக் காண வரும் மக்கள்மார் சந்திப்பு என்று கட்டடத்துக்குள் நடந்த வாழ்வை விட்டுவிட்டுக் கட்டடத்தைப் புரிந்துகொள்ள வழியில்லை. இதை 1953லேயே உணர்ந்து எழுதியது பிள்ளையின் முன்னோக்கு.

இனி குறைகள். அவை சிறியவை அல்ல.

முதலாவது, பிள்ளையின் தலைமைச் சாட்சி எழுத்து. கல் இரண்டாம் சாட்சிதான். அவர் வரலாற்றாசிரியர், கட்டடக் கலைஞர் அல்லர். சுவரில் உள்ள கல்வெட்டு, அந்தக் கல் எழுதப்பட்ட காலத்தைச் சொல்லும். அந்தச் சுவர் அன்றே அந்த இடத்தில் நின்றது என்று அது எப்போதும் உறுதி தராது. பழைய கற்களைப் பெயர்த்துப் புதுச் சுவரில் வைப்பது தமிழகம் முழுவதும் நடந்திருக்கிறது. ஆகவே அதிட்டானத்தின் வடிவம், போதிகையின் மாற்றம், கல் இணைப்பு, சுண்ணாம்புக் காரை ஆகியவற்றைத் தனிச் சான்றாக நிறுத்தி, எழுத்து சொல்வதோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் முரண்படும் இடத்தில்தான் புது உண்மை கிடைக்கும். அந்த ஒப்பீடு இந்த நூலின் வலுவான பகுதி அன்று. சுதை வேலைக்கு எடுத்துக்காட்டான மாக்காளை என்ற பெரிய நந்தி போன்ற உறுப்புகள், கைவினை அறிந்தவரின் கண்ணால் இன்னும் நிறையப் பேசும்.

இரண்டாவது, இன்னும் ஆழமான குறை. கோயில் ஆவணம் கோயிலின் கண்ணால்தான் உலகத்தைப் பார்க்கும். கொடை கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கும்; கல்லை இழுத்தவர் பெயர் இருக்காது. திருவிதாங்கூரில் ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாமல் வேலை வாங்கப்பட்டவர்கள் எந்தத் திருப்பணிக் கணக்கிலும் மனிதர்களாகத் தெரிவதில்லை. 1936 நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை நாஞ்சில் நாட்டு மக்களில் பெரும்பகுதிக்கு இந்தக் கோயிலுக்குள் நுழையும் உரிமையே கிடையாது. சுற்றுத் தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே 1926இலும் 1930இலும் சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் நடந்தது. கோட்டாறு டாக்டர் எம்.இ. நாயுடு போன்றவர்கள் முன்னின்றார்கள். இதில் ஆய்வு முறைக்கும் ஒரு பாடம் இருக்கிறது. தொல்லியல் துறை இங்குள்ள கல்வெட்டுகளைப் படித்து அச்சிட்ட ஆண்டுகளில், அவற்றைப் படித்துச் சரிபார்க்கும் வாய்ப்புக்கூட ஊரில் பெரும்பாலோருக்கு இல்லை. அதற்குப் பிள்ளையைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்தக் கதவடைப்பும் கட்டடத்தின் வரலாறே. கோயிலை உள்ளிருந்து எழுதிய நூலுக்கு, தெருவில் நிறுத்தப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து எழுதிய இன்னொரு பாதி தேவை.

மூன்றாவது, மொழி. 1953இல் ஒரு கல்விசார் ஆய்வு ஆங்கிலத்தில் வருவது அன்றைய நடைமுறை. ஆயினும் அதன் விளைவை மறைக்க வேண்டியதில்லை. நூலின் முடிவுகள் ஊருக்குள் வரும்போது ஆதாரங்கள் கழன்று வெறும் செய்திகளாகத்தான் வந்தன. கோயில் வாசலில் விற்கும் தலபுராணப் புத்தகங்களும் வார இதழ்க் கட்டுரைகளும் அந்தச் செய்திகளைப் புராணத்தோடு பிசைந்தன. பிள்ளை பாடுபட்டுப் பிரித்தது மறுபடி ஒன்றாகக் கலந்துபோனது.

இந்தக் குறைகளை எடை போடும்போது நூல் பிறந்த காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1953இல் கோயிலும் திருவனந்தபுரத்து அரசு ஆவணங்களும் ஒரே மாநிலத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று இந்தப் பகுதியின் நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அந்த இணைப்பு மக்களின் நீண்ட போராட்டத்துக்குக் கிடைத்த நியாயம். ஆனால் கட்டடங்கள் ஒரு மாநிலத்திலும் அவற்றின் பழைய கணக்குகள் இன்னொரு மாநிலத்திலும் தங்கிவிட்டன. சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை அம்மன் இன்றும் ஆண்டுதோறும் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் போய் வருகிறாள். நம் ஆய்வு மாணவர்களில் அந்த ஆவணக் காப்பகங்களுக்குப் போய் வருகிறவர்கள் மிகச் சிலரே. தமிழும் மலையாளமும் வட்டெழுத்தும் ஒருசேரக் கற்காமல் இந்த வட்டாரத்தின் எந்தப் பெரிய கட்டடத்தையும் முழுதாக எழுத முடியாது. பிள்ளையின் தலைமுறை இரு பக்கமும் நடமாடியது. அடுத்தடுத்த தலைமுறைகளில் அந்த நடமாட்டம் சுருங்கிவிட்டது.

பிறகு வந்தவர்களில் அ.கா. பெருமாளின் பணியைச் சொல்லாமல் இந்த மதிப்பீடு நிறைவு பெறாது. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கும் சுசீந்திரத்துக்கும் தனித்தனி நூல்கள், சிவாலய ஓட்டத்தைப் பற்றிய ஆய்வு, அழகியபாண்டிபுரம் முதலியார் ஓலைகளின் பதிப்பு என்று அவர் செய்தவை பல. நாட்டார் வழக்காற்றிலிருந்து வந்தவர் என்பதால், பிள்ளையின் முறையில் பின்னால் நின்ற வாய்மொழியை அவர் முன்னால் கொண்டு வந்தார். அதைத் தமிழில் செய்தார் என்பது கூடுதல் பேறு. இருவரையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்புவது தெரியும். பிள்ளையின் காலவரிசை ஒழுங்கும் பெருமாளின் காது கொடுத்துக் கேட்கும் பழக்கமும் ஒரே ஆய்வில் சேர வேண்டும்.

அந்தச் சேர்க்கைக்காகக் காத்திருக்கும் கட்டடங்கள் கன்னியாகுமரி மாவட்டம் முழுவதும் இருக்கின்றன. சிதறால் மலையில் 9ஆம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில் சமணப் பள்ளியாக இருந்த இடம், பிறகு பகவதி கோயிலானது. நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களில் தீர்த்தங்கரர்கள் இன்றும் அமர்ந்திருக்கிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் 16ஆம் நூற்றாண்டு என்று சொல்லப்படும் தாய்க்கொட்டாரமும், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்து உப்பரிகை மாளிகையும் ஒரே வளாகத்தில் நிற்கின்றன. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1741 குளச்சல் போரில் பிடிபட்டுப் பின் மார்த்தாண்ட வர்மாவின் தளபதியான டச்சுக்காரர் டி லனாய், 1777இல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். இவற்றில் எதையும் ஒற்றைப் பெயருக்குள்ளோ ஒற்றைக் காலத்துக்குள்ளோ அடைக்க முடியாது. சுசீந்திரத்தில் பிள்ளை கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றிடமும் கேட்டாக வேண்டும்.

தாமதிக்க நேரமும் இல்லை. மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்த முறையால் தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் எழுத்துகள் மழுங்கியதை நாம் பார்த்துவிட்டோம். திருவட்டாற்றில் 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலை 6 அன்று குடமுழுக்கு நடந்தபோது ஊரே திரண்டு மகிழ்ந்தது. மகிழ வேண்டிய நாள்தான். அந்த 418 என்ற எண் எந்த ஆவணத்தின் மேல் நிற்கிறது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொரு திருப்பணிக்கும் முன்னால் கட்டடத்தைப் படம் பிடித்து, அளந்து, கல்வெட்டைப் படியெடுத்து வைக்கும் வழக்கம் ஏற்பட்டால்தான் வருங்கால ஆய்வாளருக்குச் சான்று மிஞ்சும்.

ஆக, தீர்ப்பு இதுதான். பிள்ளையின் நூல் முதல் மூன்று சோதனைகளில் தெளிவாகத் தேறுகிறது. மூன்றாவதில் தன் காலத்தை முந்தி நிற்கிறது. நான்காவதில் பாதிதான் தேறுகிறது. முதலிடம் அதற்குத் தகுதியால் கிடைத்தது. ஆனால் எழுபது ஆண்டுகளாக அந்த இடத்தில் அதைத் தனியாக விட்டுவைத்தது நம்முடைய குறை. அதை முன்மாதிரியாகக் கொள்ளலாம், கொள்ளவும் வேண்டும். அதன் முடிவுகளை ஒப்பிப்பது மட்டும் அதற்கு வழியாகாது. கல்வெட்டுப் படியையும் கட்டட அளவையும் தெருவில் நின்றவர்களின் நினைவையும் சேர்த்து, ஆதாரக் குறிப்புகளோடு ஒரு புதிய சுசீந்திரம் ஆய்வு தமிழில் வர வேண்டும். மாவட்டத்திலுள்ள 490 தேவசம் கோயில்களின் நிர்வாகத் தலைமையகம் சுசீந்திரத்திலேயே இருக்கிறது. நாகர்கோவிலிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்லூரிகள் இருக்கின்றன. அரசும் கல்லூரிகளும் மனம் வைத்தால் அந்த வேலையை அங்கேயே தொடங்கலாம். அப்படி வரும் ஆய்வு பிள்ளையைப் பல இடங்களில் திருத்தும். திருத்துவதற்கு வேண்டிய முறையை அந்த ஆய்வாளர் பிள்ளையிடமிருந்துதான் கற்றிருப்பார்.